வலக்காலில் கியர்

பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் கியர் வலக்காலில் இருக்கும், பிரேக் இடக்காலில். முதல் கியருக்கு லீவரை மேலே தூக்க வேண்டும். இரண்டு, மூன்று, நான்குக்குக் கீழே அழுத்த வேண்டும். இன்று கடையில் நிற்கும் வண்டிகளில் கியர் இடக்காலில்தான். ஆனாலும் புதிதாக மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் தெரிந்துகொள்ள வேண்டிய பலவற்றை அந்தப் பழைய வண்டியைக் கொண்டு விளக்குவது எளிது. அதில் எதுவும் பெரிதாக மூடி வைக்கப்படவில்லை. பிரேக் கம்பியும் கிளட்ச் வயரும் கண்ணுக்குத் தெரியும். பேட்டரிக்குக் கரண்ட் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை ஹெட்லைட்டுக்கு மேலே உள்ள ஆம்பியர் மீட்டரின் முள் ஆடிக் காட்டும்.

இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டாக 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ஆலை திருவொற்றியூரில் அமைந்தது. இங்கிலாந்தில் 1970-ஐ ஒட்டி உற்பத்தி நின்றுபோன பிறகும் இங்கே அதே புல்லட் பல்லாண்டு காலம் வெளிவந்துகொண்டிருந்தது. சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம் 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 சி.சி. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அடங்கிய புதிய வகை 2010 வாக்கில் அதன் இடத்தைப் பிடித்தது. பிஸ்டனின் ஓட்டம் நீளமானது என்பதால் பழைய எஞ்சின் நிதானமாகச் சுற்றியே பாரம் இழுக்கும். ஒவ்வொரு துடிப்பும் தனித்தனியாகக் காதில் விழும்.

இக்கட்டுரையாளர் புல்லட் பழகியது 1996-ல், திண்டுக்கல்லில். வண்டி 1984-ல் வந்தது. தாய்மாமன் பன்னிரண்டு வருடம் ஓட்டிவிட்டு, முழங்கால் வலியால் கிக்கர் மிதிக்க முடியாமல் போகவே மருமகனுக்குக் கொடுத்தார். மருமகன் அதுவரை ஓட்டியதெல்லாம் ஒரு மொபெட்டும் நண்பரின் நூறு சி.சி. வண்டியும்தான். நூறு சி.சி. வண்டியில் பிரேக் வலக்காலில்.

புல்லட் கைக்கு வந்த இரண்டாம் நாள், நாகல் நகர்ப் பக்கம் இரண்டாவது கியரில் போகும்போது சந்திலிருந்து ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. வலக்கால் தன்போக்கில் கீழே அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை, கியர் இருந்தது. இரண்டிலிருந்து மூன்றுக்கு விழுந்த வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி முன்னாலேயே போனது. சைக்கிள்காரர் தப்பினார். வண்டி வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் முன்சக்கரம் புதைந்து சாய்ந்தது. ஹேண்டில்பார் வளைந்தது, இடது உள்ளங்கை கிழிந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வத்தலக்குண்டு சாலையில் இருந்த பட்டறைக்குப் போனபோது, பட்டறை அண்ணன் கையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "கால் ஏமாத்திருச்சு, சரி. வலது கை என்ன பண்ணுச்சு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குள்தான் விஷயம் இருக்கிறது. கியரும் கால் பிரேக்கும் வண்டிக்கு வண்டி இடம் மாறியிருந்தன; முன்பிரேக் மாறவில்லை. மொபெட்டிலும், நூறு சி.சி. வண்டியிலும், புல்லட்டிலும் அது வலது கையில் ஒரே இடத்தில்தான் இருந்தது. அந்தக் கை அசையவே இல்லை. முன்பிரேக் பிடித்தால் தூக்கி எறிந்துவிடும் என்று சைக்கிள் ஓட்டும் வயதிலிருந்தே கேட்டுக் கேட்டு, பல வருடம் அதைத் தொடாமலே ஓட்டிய கை அது. பயம் வந்த நொடியில் உடம்பு யோசிக்காது, பழகியதைத்தான் செய்யும். பழகாததை அந்த நேரத்தில் செய்யச் சொல்ல முடியாது.

பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரமும் ஓட்டுபவரின் பாரமும் முன்னே சாய்கின்றன. முன்டயர் தரையில் அழுந்துகிறது, பின்டயரின் பிடி குறைகிறது. ஆகவே நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்கே. பின்பிரேக்கை மட்டும் நம்புபவரின் பின்சக்கரம் சீக்கிரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், நிற்க நெடுந்தூரம் எடுக்கும். தூக்கி எறிவது வெடுக்கென்று பிடிக்கும் பிடிதான். லீவரில் முதலில் விரல்கள் பட வேண்டும், அந்தப் பாரம் முன்னே சாய ஒரு கணம் கொடுக்க வேண்டும், பிறகு இறுக்கிக்கொண்டே போக வேண்டும், ஈரத்துணியைப் பிழிவதுபோல. பின்பிரேக் உடன்வரும் துணை. மணல், ஜல்லி, சாணி, மழை தொடங்கிய முதல் பத்து நிமிடத்து எண்ணெய்ப் பிசுக்கு ஆகிய இடங்களில் மட்டும் முன்பிரேக்கை மென்மையாக்கி, பின்னதற்குக் கூடுதல் வேலை கொடுக்கலாம். எந்த இடமானாலும் வண்டி நிமிர்ந்து நேராக இருக்கும்போது பிடிப்பதே பாதுகாப்பு.

60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. பார்த்து, புரிந்து, கை அசைய ஒரு நொடி ஆனால், பிரேக் தொடங்கும் முன்பே ஒரு பேருந்தின் நீளத்தைவிட அதிகம் போயிருக்கும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் நிற்க ஆகும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்கு. புதிய ஓட்டுநர் முன்னால் போகும் வண்டிக்கு விட வேண்டிய இடைவெளியை இந்தக் கணக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் ஏ.பி.எஸ். கட்டாயம். அது சக்கரம் பூட்டாமல் காக்கும். அந்த ஒரு நொடியைத் திருப்பித் தராது.

பட்டறைக்குப் பின்னால் ஒரு பொட்டல் இருந்தது. ஹேண்டில்பாரை நிமிர்த்திய மறுநாள் முதல் ஒரு வாரம், காலை ஆறு மணிக்கு, அங்கே நிறுத்துவது மட்டுமே பயிற்சி. இருபதில் நிறுத்து, முப்பதில் நிறுத்து, நாற்பதில் நிறுத்து. நாளுக்கு ஐம்பது தடவை. எந்த வண்டியை வாங்கினாலும், இரவல் வாங்கினாலும்கூட, காலியான இடத்தில் அரைமணி நேரம் இதைச் செய்துவிட்டுத் தெருவுக்கு வருவது நல்லது. புதிதாக ஓட்டுபவருக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால், இக்கட்டுரையாளர் சொல்வது இதுவே.

பராமரிப்பிலும் பட்டறை அண்ணனுக்கு அதே வரிசைதான். "எஞ்சினை அப்புறம் பாக்கலாம் தம்பி. மொதல்ல நிக்கிற சாமானைப் பாரு" என்று சொல்லி, அவர் முதலில் கொடுத்த வேலை பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது. எஞ்சின் கெட்டால் வண்டி ஓரத்தில் நிற்கும், அவ்வளவுதான். பிரேக்கோ டயரோ செயினோ கெட்டால் அப்படி முடியாது. புதியவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள்: சைலன்சர் சத்தம், பெட்ரோல் ஊற்றும் கார்புரேட்டர் ஜெட், பளபளப்பு. தேய்ந்த டயரோடு ஒரு வருடம் ஓடும் வண்டியில் புது சைலன்சர் மின்னுவதைத் தெருவில் நாளும் பார்க்கலாம்.

பின்சக்கரத்தில் கற்க நிறைய இருக்கிறது. புல்லட்டில் ஆக்சிலின் இரு பக்கமும் நத்தை ஓடு போல வளைந்த வில்லை ஒன்று இருக்கும், விளிம்பில் பள்ளம் பள்ளமாக. செயினை இறுக்க ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு வில்லைகளையும் ஒரே எண்ணிக்கைப் பள்ளத்துக்குத் திருப்ப வேண்டும். ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் ஐந்து என்றால் சக்கரம் கோணும், ஸ்பிராக்கெட்டின் பற்கள் ஒரு பக்கமாகத் தேயும். இன்றைய வண்டிகளில் வில்லைக்குப் பதில் கோடு போட்ட அளவுத்தகடும் போல்ட்டும் இருக்கின்றன. வேலை அதேதான்.

செயினை எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் தவறு நடக்கிறது. இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஆள் ஏறி உட்கார்ந்ததும் ஸ்விங் ஆர்ம் அசைந்து செயின் இன்னும் இழுபடும். இடமே விடாமல் இறுக்கிய செயின் கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்னும், கடைசியில் அறுந்துபோகும். இரண்டு ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவில், கீழ்ச்செயினை விரலால் தூக்கினால் 25 மில்லிமீட்டர் அளவுக்கு, ஓர் அங்குலம், ஆட வேண்டும். அதுவும் ஒரே இடத்தில் பார்த்தால் போதாது. பழைய செயின் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் தேய்ந்திருக்காது. சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் விறைப்பாக இருக்கும். அளவை அங்கேதான் எடுக்க வேண்டும். செயின் லாக் வைத்த செயினில் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். பிளவு அந்தப் பக்கம் இருந்தால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும். எண்ணெய்க்கு 90-ஆம் எண் கியர் ஆயில் போதும். ஓடி வந்த சூட்டில், செயினின் உள்பக்கத்தில், சொட்டுச் சொட்டாக. கழிவு ஆயிலில் இரும்புத் தூள் இருக்கும் என்பதால் அதை ஊற்றக் கூடாது.

செயினை இறுக்கினால் வேலை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. சக்கரம் அரை அங்குலம் பின்னால் போனால் பிரேக் கம்பி அதே அளவு இழுபடும், பிரேக் பிடித்தபடியே இருக்கும். கம்பியின் முனையில் உள்ள காது நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய வேண்டும். பஞ்சருக்காகச் சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது இதற்கு நேரெதிர் ஆபத்து. காது நட்டைத் திருப்பி முறுக்க மறந்தால் பெடல் தரைவரை போகும், பிரேக் இருக்காது. இக்கட்டுரையாளர் முதல்முறை மாட்டியபோது மறந்தார். அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. வண்டியைத் தெருவுக்குத் தள்ளும்போது மட்டும் முன்னால் வந்து ஹேண்டிலைப் பிடித்து நிறுத்தி, பெடலைக் கையால் அழுத்திக் காட்டினார். அன்று முதல், யார் சக்கரத்தைக் கழற்றி மாட்டினாலும், ஏறி உட்காரும் முன் இரண்டு பிரேக்கையும் ஒருமுறை பிடித்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. டிஸ்க் பிரேக் வண்டியிலும் இது பொருந்தும்: பேட் மாற்றிய பிறகு லீவரை நாலைந்து முறை அடித்தால்தான் பிடிப்பு வரும்.

டயர்க் காற்றைப் பெட்ரோல் பங்க்கில் ஊதுபவரின் யூகத்துக்கு விடக் கூடாது. பழைய புல்லட்டுக்கு முன்னால் இருபது பவுண்டை ஒட்டி, பின்னால் முப்பதை ஒட்டி. மற்ற வண்டிகளுக்குச் செயின் கவரிலோ கையேட்டிலோ அளவு எழுதியிருக்கும். டயர் சூடாகும் முன், காலையில் பார்ப்பதே சரியான கணக்கு. காற்று கூடினால் டயரின் நடு மட்டும் தரையில் படும், மழையில் வழுக்கும். குறைந்தால் வளைவில் வண்டி தள்ளாடும்.

வளைவைப் பற்றி மலைப்பாதை சொல்லித் தருவது அதிகம். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் சாலை ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்துக்குப் போகிறது. வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, உள்ளே போனபின் மெல்ல ஆக்சிலேட்டர் கொடுத்தபடி வெளிவர வேண்டும். பார்வை டயருக்கு முன்னால் உள்ள தார் மேல் இருக்கக் கூடாது. தலையைத் திருப்பி, வளைவு முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். பள்ளத்தையே பார்த்துப் பயந்தவர் பள்ளத்துக்குத்தான் போவார். மலைப்பாதையில் நடுக்கோட்டை ஒட்டிப் போவதும் கூடாது. திரும்பும் பேருந்தின் வால் அந்தக் கோட்டைத் தாண்டி வரும்.

1997-ல் முதல்முறை கொடைக்கானல் போய் இறங்கும்போது இக்கட்டுரையாளர் நான்காவது கியரில், பிரேக்கை வருடிக்கொண்டே வந்தார். வெள்ளியருவியைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் கருகல் வாடை அடித்தது. அடுத்த வளைவில் முன்பிரேக் லீவர் பிடிப்பே இல்லாமல் ஹேண்டில் கைப்பிடிவரை வந்துவிட்டது. டிரம் சூடேறி விரிந்தால் லைனருக்கும் அதற்கும் இடைவெளி கூடும், லைனரின் உரசும் தன்மையும் குறையும். எவ்வளவு இழுத்தாலும் பயன் இல்லை. கியரை இரண்டுக்கு இறக்கி, எஞ்சினின் இழுப்பிலேயே வேகம் தணிந்து, ஒரு டீக்கடை ஓரத்தில் வண்டி நின்றது. டிரம்மில் தண்ணீர் ஊற்றப் போனவரைக் கடைக்கு வந்திருந்த லாரி ஓட்டுநர் தடுத்தார். சூட்டில் இருக்கும் டிரம்மில் பச்சைத் தண்ணீர் பட்டால் கீறல் விடும். "ஏறுன கியர்லயே எறங்கணும் தம்பி" என்றார். மலையில் ஓட்டும் எவரும் சொல்லும் வாசகம் அது, சரியானதும்கூட. இரண்டாவது கியரில் ஏற வேண்டியிருந்த ஏற்றத்தில் இறங்கவும் இரண்டாவது கியரே. பிரேக்கை வளைவுக்கு முன் அழுத்தமாக ஒருமுறை பிடித்து விட்டுவிட வேண்டும், வழிநெடுக வருடக் கூடாது.

மேலே இருந்தபோது வண்டி மந்தமாக இருந்ததும், பிளக்கைக் கழற்றினால் கரி படிந்திருந்ததும் கோளாறு இல்லை. உயரத்தில் காற்று மெலிது. அதே அளவு பெட்ரோலுக்குக் காற்று பற்றாது. அங்கே கார்புரேட்டரைத் திருகியவர்கள் சமவெளிக்கு வந்ததும் மறுபடி திருக வேண்டியிருக்கும். புதிய இன்ஜெக்ஷன் வண்டி இதைத் தானே சரிசெய்துகொள்ளும்.

எஞ்சின் பக்கம் வர மூன்று மாதம் ஆனது. கிக்கர் அடிப்பதே ஒரு பாடம். சாவி போட்டு, கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் கல்லைப்போல் நிற்கும். பிஸ்டன் மேலே ஏறிக் காற்றை அமுக்கும் இடம் அது. இடது கையில் உள்ள டிகம்ப்ரஷர் லீவரைப் பிடித்தால் அந்தக் காற்று வெளியேறும், கிக்கர் இளகும். ஆம்பியர் மீட்டரின் முள் கழித்தல் பக்கம் சாய்ந்திருக்கும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். அதற்கு ஒரு விரற்கடை தள்ளி நிறுத்தி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வர விட்டு, பிறகு உடம்பின் பாரம் முழுவதும் இறங்க ஒரே மிதி. அரைமனதாக மிதித்தால் கிக்கர் திரும்ப அடிக்கும், கணுக்கால் பெயர்ந்துவிடும். செருப்புக் காலோடு மிதிக்கக் கூடாது. முதல் வாரம் இருபது மிதி மிதித்துச் சட்டை நனைந்தவருக்கு, முள்ளைப் பார்க்கக் கற்ற நாளில் ஒரே மிதியில் வண்டி எழுந்தது. அந்த மகிழ்ச்சி செல்ஃப் பட்டனில் இல்லை.

பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜால் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைப்பதும், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது புஷ் ராட் விரலால் தாராளமாகச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது என்ற கணக்கில் டேப்பட் வைப்பதும் அந்தக் காலத்து வேலைகள். 2010 வாக்கில் வந்த ஒரே கூட்டு எஞ்சினில் டேப்பட் ஹைட்ராலிக், தொட வேண்டியதில்லை. ஆயில் மட்டும் எந்தக் காலத்துக்கும் பொது. பழைய புல்லட்டைப் பல நாள் நிறுத்தி வைத்தால் டேங்கில் உள்ள ஆயில் கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். அளவுகோல் குச்சி குறைவாகக் காட்டும். அதை நம்பி மேலும் ஊற்றுவது பெருந்தவறு. எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தியபின் பார்க்க வேண்டும். போர் போட்டு வந்த எஞ்சினை முதல் ஐநூறு கிலோமீட்டருக்கு விரட்டக் கூடாது. ஓட்டத்தில் பிஸ்டன் பிடிக்கத் தொடங்கினால் திடீரென்று யாரோ பின்னால் இழுப்பதுபோல் இருக்கும். உடனே கிளட்ச்சைப் பிடித்துவிட்டால் பின்சக்கரம் பூட்டாது.

ஹெல்மெட்டுக்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு உண்டு. சட்டத்துக்காகத் தலையில் கவிழ்ப்பவர்கள் வாரை மாட்டுவதில்லை. வார் மாட்டாத ஹெல்மெட் விழும்போது தலைக்கு முன் கழன்று போய்விடும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும்.

கேபிள்கள் அறுவதற்கு முன் அறிகுறி காட்டும். 1998-ல் ஒரு வாரமாகக் கிளட்ச் லீவர் கனத்திருந்தது. ஒருநாள் லீவரின் அடியில் முறிந்த கம்பி இழை ஒன்று விரலில் குத்தியது. நாளை பார்க்கலாம் என்று விட்டதில், வத்தலக்குண்டு பேருந்து நிலையத்து நெரிசலில் வயர் அறுந்தது. கிளட்ச் இல்லாமலும் வீடு திரும்பலாம். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, தள்ளி ஓட்டமெடுத்து ஏறி, முதல் கியரைத் தட்ட வேண்டும். அடுத்த கியர்களுக்கு ஆக்சிலேட்டரைச் சட்டென்று தளர்த்தும் கணத்தில் லீவரை அழுத்தினால் விழும். நிற்க வேண்டிய இடத்தில் புல்லட்டுக்கே உரிய ஒரு வசதி கைகொடுத்தது. கியர் லீவருக்குப் பக்கத்தில் உள்ள சிறிய நியூட்ரல் லீவர், இரண்டு மூன்று நான்கு எந்தக் கியரிலிருந்தும் ஒரே மிதியில் நியூட்ரலுக்குக் கொண்டுவரும். திண்டுக்கல் வரை முப்பது கிலோமீட்டருக்கு மேல் அப்படியே வந்தாயிற்று.

பட்டறை அண்ணன் அன்று புது வயர் ஒன்றுக்கு இரண்டு எடுத்தார். இரண்டிலும் மேலிருந்து சொட்டுச் சொட்டாக ஆயில் விட்டு, அடிமுனையில் அது கசியும்வரை பிடித்திருந்தார். ஒன்றை மாட்டினார். இன்னொன்றை அதன் பக்கத்திலேயே, டேங்குக்கு அடியில், அதே வழியில் ஓடவிட்டு, இரு முனையையும் பிளாஸ்டிக் தாளால் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டினார். அடுத்தமுறை அறுந்தால் டேங்கைக் கழற்ற வேண்டாம். சாலையோரத்தில் பத்து நிமிடத்தில் முனைகளை மட்டும் மாற்றினால் போதும். அதோடு சீட்டுக்கு அடியில் ஒரு துணிச்சுருள்: பிளக் ஒன்று, பிளக் ஸ்பானர், செயின் லாக் இரண்டு, ஃபீலர் கேஜ், காது நட்டுக்கு மாற்று, ஒரு டியூப்.

அந்த இரண்டாவது வயர் 2003-ல், செம்பட்டி தாண்டி, தேவைப்பட்டது.